ஆனைமலை அடிவாரத்து வண்டு இரவு: 2,800 ரூபாய்க்குத் தகுமா?

பூச்சிமருந்துக் கடை நடத்துகிறவள் வண்டு பார்ப்பதற்குக் காசு கட்டிப் போனாள் என்று கேள்விப்பட்டதும் கடைத்தெருவில் சிரித்துவிட்டார்கள். சிரிக்கட்டும். பொள்ளாச்சியில் தென்னை விவசாயிகளை நம்பிப் பிழைக்கும் எங்களுக்கு வண்டு என்றால் இரண்டுதான்: காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு. ஒன்று குருத்தைக் குடையும். மற்றது தண்டுக்குள் குடியேறி மரத்தையே சாய்க்கும். இரண்டுக்குமான இனக்கவர்ச்சிப் பொறி, வாளி, மருந்து எல்லாம் என் கடையில் உண்டு. ஆனால் இந்த வண்டுகள் எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தன என்று இத்தனை காலத்தில் ஒரு விவசாயியும் என்னைக் கேட்டதில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு விடுதி ஆளுக்கு 2,800 ரூபாய் வாங்குகிறது. நானும் வேளாண் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனும் போய் வந்தோம். பதிவு செய்தது அவன், பணம் கட்டியது நான்.

விடுதியின் பெயரை இங்கே போடவில்லை. கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் உரிமையாளருக்கும் தென்னந்தோப்பு இருக்கிறது, மருந்து வாங்க அவர் எங்கள் தெருவுக்குத்தான் வந்தாக வேண்டும். ஆழியாறு பக்கம் விசாரித்தால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள்.

திட்டம் எளிமையானது. சனிக்கிழமை மதியம் போய்ச் சேர வேண்டும். பிற்பகலில் ஒரு வகுப்பு, இரவில் விளக்குத் திரை, மறுநாள் காலை ஜீப்பில் மேலே உள்ள அவர்களுடைய காப்பித் தோட்டத்துக்கு ஒரு நடை, மதியச் சாப்பாட்டோடு விடை. எல்லாமே பட்டா நிலத்துக்குள். எங்களோடு வந்த ஒருவர், "புலிகள் காப்பகத்துக்குள் கொஞ்ச தூரம் கூட்டிப்போக மாட்டீர்களா?" என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். இரவில் யானையும் சிறுத்தையும் நடமாடும் இடத்தில் காசுக்காக ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலையாமல் இருப்பதற்கே இவர்களுக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போடலாம்.

முதல் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களுடைய விளம்பரத் தாளில், "பத்துக் கோடி ஆண்டு பழைமையான கோண்டுவானா வண்டுகளோடு ஓர் இரவு" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் எந்தப் புட்டியைப் பார்த்தாலும் "இயற்கை" என்று ஒட்டியிருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் தேட வேண்டும். இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக்கிடந்த பழைய பெருங்கண்டமான கோண்டுவானாவும் இங்கே அப்படிப்பட்ட லேபிள்தான். நல்ல வேளையாகப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்காட்ட ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறார்கள். விலங்கியலில் முதுகலை முடித்த பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், சொந்த ஊர் உடுமலைப் பக்கம். கொடுத்த காசு முழுக்க அவளுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வகுப்பு என்றதும் படம் காட்டித் தூங்கவைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் ஒரு பெரிய துணி வரைபடத்தை மேசையில் விரித்தாள். மேற்கே ஆப்பிரிக்கா, கிழக்கே ஆஸ்திரேலியா, நடுவில் நாம். பக்கத்தில் ஒரு மரத்தட்டு. தோட்டத்து விளக்கடியில் செத்துக் கிடந்த வண்டுகளைப் பொறுக்கிக் காயவைத்து அதில் வைத்திருந்தாள். ஆளுக்கு ஒரு வண்டை எடுக்கச் சொன்னாள். அந்த வண்டின் பேரினத்தில், அதாவது அதன் நெருங்கிய இனங்களின் கூட்டத்தில், எத்தனை இனங்கள், அவை எங்கெங்கே வாழ்கின்றன என்று ஒரு சீட்டு. அதைப் படித்துவிட்டு, சொந்தக்காரர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் வண்டை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கால் மணி நேரத்துக்குள் கல்யாண வீட்டுப் பந்தியைப்போல மேசையைச் சுற்றிச் சத்தம்.

என் கைக்கு வந்தது பொன்வண்டு. பழுப்புக் கலந்த பளபளப்பு முதுகு, பச்சைக் கழுத்து. சின்ன வயதில் இதைத் தீப்பெட்டிக்குள் போட்டுக் கொன்றை இலை கொடுத்து வளர்க்காத பிள்ளைகள் எங்கள் காலத்தில் இல்லை. காலையில் பெட்டியைத் திறந்தால் முட்டை இட்டு வைத்திருக்கும். நம் ஊர்ச் சொத்து என்றுதான் நினைத்திருந்தேன். சீட்டு வேறு கதை சொன்னது. ஸ்டெர்னோசெரா என்ற இந்தப் பேரினத்துக்குச் சொந்தபந்தம் ஆப்பிரிக்காவிலும் பரந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் தாய்லாந்து வரைக்கும் போகிறது. வேலமரமும் வறண்ட புதர்க்காடும் எங்கே உண்டோ அங்கே இதுவும் உண்டு.

அக்கா மகனுக்கு வந்தது கறுப்புத் தரைவண்டு. முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளி. பல்லடம் பக்கத்துக் காய்ந்த நிலங்களில் இது ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். சீண்டினால் பின்பக்கத்திலிருந்து அமிலத்தைப் பீச்சும், கண்ணில் பட்டால் தீர்ந்தது. ஆந்தியா என்ற பேரினம். சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும். "இதற்குப் பறக்கத் தெரியாது. அப்படியானால் எப்படி வந்திருக்கும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நடந்துதான். அரேபியா, ஈரான், சிந்து, ராஜஸ்தான், தக்காணம் என்று வறண்ட நிலம் தொடர்ச்சியாக இருந்தால்தான் அந்த நடை முடியும். நடுவில் ஒரு மழைக்காடு குறுக்கிட்டாலும் அது நின்றுவிடும். ஒரு வண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய காலத்துத் தட்பவெப்பத்தையே திரும்பக் கணக்குப் போடலாம் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

மேசையின் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கொம்புவண்டை வைத்துக்கொண்டு திண்டாடினார். தலையில் ஒரு கொம்பு, கழுத்தில் ஒரு கொம்பு, இரண்டுமே நுனியில் பிளந்தவை. ஜைலோட்ரூப்பஸ். இதன் உறவெல்லாம் கிழக்கே: பர்மா, மலேயா, இந்தோனேசியத் தீவுகள், நியூகினி, ஆஸ்திரேலியா வரைக்கும். ஈரமான பக்கத்து உறவு. இவ்வளவு தூரம் எப்படி என்பதற்கு விடையாக அந்தப் பெண் ஒரு பழைய விவாதத்தை எடுத்தாள். சுந்தர்லால் ஹோரா என்ற விலங்கியலாளர் 1940களில் ஒரு கருத்தை முன்வைத்தார். மலேயாப் பக்கத்து நீரோடை மீன்களின் சொந்தங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன, நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இல்லை. ஆகவே அசாமிலிருந்து விந்திய, சாத்பூரா மலைகள் வழியாக ஒரு காலத்தில் ஈரப்பாதை இருந்திருக்க வேண்டும் என்றார். மீனுக்காகச் சொன்னதை அப்புறம் பறவை, பூச்சி என்று எல்லாவற்றுக்கும் நீட்டினார்கள். ஏற்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. மத்திய இந்தியா காய்ந்தபோது நடுவில் இருந்தவை அழிந்து, இரண்டு முனையிலும் இருந்தவை மட்டும் தங்கிவிட்டன என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

அக்கா மகன் விடவில்லை. "சொந்தம் அதிகமாக இருக்கும் இடம்தான் பூர்வீகம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பிழைக்கப் போன இடத்தில்கூடக் குடும்பம் பெருகலாமே?" என்றான். அவள் சிரித்துக்கொண்டே, இந்த விளையாட்டின் ஓட்டை அதுதான் என்றாள். வரைபடம் திசையைக் காட்டும், காலத்தைக் காட்டாது. காலத்துக்குப் புதைபடிவம் வேண்டும், அல்லது மரபணுவை வைத்து எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்று கணக்கிட வேண்டும்.

கோண்டுவானாவுக்கு அங்கேதான் வந்தோம். உரிமையாளர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அசரவில்லை. இந்தியா மடகாஸ்கரிலிருந்து பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன். ஆசியாவோடு மோதத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன். இடையில், 6.6 கோடி ஆண்டுக்கு முன், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகிப் பாதி நாட்டை மூடியது. கோண்டுவானா வண்டு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அதன் நெருங்கிய உறவு மடகாஸ்கரிலோ ஆப்பிரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்க வேண்டும். அந்த உறவு பிரிந்த காலமும் கண்டம் பிரிந்த காலத்தோடு பொருந்த வேண்டும். முன்னது மட்டும் இருந்தால் போதாது. பொன்வண்டுக்கும் ஆறுபுள்ளி வண்டுக்கும் ஆப்பிரிக்க உறவு இருக்கிறது என்பதற்காக அவை கண்டத்தின் முதுகில் ஏறி வந்தவை ஆகிவிடாது. பின்னால் வறண்ட நிலத்து வழியாக நடந்தும் பறந்தும் வந்திருக்கலாம்.

அடுத்து அவள் சொன்னது எனக்குப் புதிது. குஜராத்தில் சூரத் பக்கத்துப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் மரப்பிசின் இறுகிக் கல்லாகிக் கிடக்கிறது. வயது 5 கோடி ஆண்டுக்கு மேல். அதற்குள் பூச்சிகள் கால், உணர்கொம்பு கலையாமல் மாட்டியிருக்கின்றன. இந்தியா நீண்ட காலம் தனித்தீவாகக் கிடந்ததென்றால், அந்தப் பூச்சிகள் வேறெங்கும் இல்லாத விநோதங்களாக இருந்திருக்க வேண்டும். 2010-இல் வெளியான ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. பல பூச்சிகளுக்கு ஐரோப்பா, ஆசியா, ஏன் மத்திய அமெரிக்கா வரைக்கும் உறவு இருந்தது. அதாவது தீவு தனியாக மிதந்தபோதே போக்குவரத்து நடந்திருக்கிறது. "அப்படியானால் உங்கள் விளம்பரம்?" என்று நான் கேட்டேன். "விளம்பரத்தை நான் எழுதவில்லை அக்கா" என்றாள். வாசற்படியில் நின்றவர் சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

சாப்பாடு பற்றி அதிகம் இல்லை. அரிசிம்பருப்புச் சோறு, கத்தரிக்காய்ப் பொரியல், தயிர். நன்றாக இருந்தது, நேரம் கழித்து வந்தது.

இரவு விளக்குத் திரை. இரண்டு தென்னைக்கு நடுவில் கயிறு கட்டி வெள்ளை வேட்டி. முன்னால் பாதரச ஆவி விளக்கு, பக்கத்தில் புற ஊதா விளக்கு. வைகாசி அமாவாசையை ஒட்டிய நாள், கோடை மழை பெய்து ஓய்ந்த பருவம். இதைவிட நல்ல தேதி கிடைக்காது. ஆனால் இரண்டாவது குறையும் இங்கேதான். நுழைவாயிலில் ஒரு பெரிய வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாதி வண்டுகள் அங்கே போய் மோதின. அணைக்கச் சொல்லி அந்தப் பெண் இரண்டு முறை ஆள் அனுப்பினாள். பாதுகாப்பு என்று பதில் வந்தது. வாயில் விளக்கின் மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மறைக்க முடியாதா? பதினான்கு பேர் ஒரே திரையைச் சுற்றி நின்றதும் நெருக்கடி. பின்வரிசையில் நின்றவர்கள் முன்வரிசைக்காரர்களின் தலையைத்தான் பார்த்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் ஈசல். வாயைத் திறக்க முடியாது. ஈசல் ஓய்ந்த பிறகு பழுப்புநிற வண்டுகள் கூட்டமாக வந்தன. இவற்றை எனக்குத் தெரியும்: இவற்றின் பிள்ளைகள்தான் நிலக்கடலை வேரைக் கடிக்கும் வேர்ப்புழு. மழை பெய்த அன்று மாலையில் வேப்பமரத்தை உலுக்கி, விழுகிறவற்றை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடச் சொல்வோம். அங்கே ஒருவர் அவற்றை அழகு என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு என் வாடிக்கையாளர் வந்து சேர்ந்தார். காண்டாமிருக வண்டு. பட்டென்று வேட்டியில் மோதி, கீழே விழுந்து, மல்லாந்து கிடந்து காலை உதைத்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கருஞ்சிவப்பு ஓடு, முன்னங்கால்களில் ரம்பப் பல், வயிற்றுப்பக்கம் செம்மயிர், அழுத்திப் பிடித்தால் உரசிக் கீச்சிடும். எல்லோரும் கொம்பைப் பார்த்து ஆண் என்றார்கள். கொம்பு பெண்ணுக்கும் உண்டு, கொஞ்சம் குட்டை. திருப்பி வால்நுனியைப் பார்க்க வேண்டும். அங்கே மயிர்க்கற்றை அடர்த்தியாக இருந்தால் பெண். இது பெண். வழிகாட்டிப் பெண் விளக்கை என் பக்கம் திருப்பி, "அக்கா, நீங்களே சொல்லுங்கள்" என்று இடம்கொடுத்தாள். வாடிக்கையாளரை மதிக்கத் தெரிந்த வழிகாட்டி. எருக்குழியில் முட்டை, அங்கேயே புழு, வண்டானதும் குருத்து. மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டிய விசிறிபோல முக்கோண வெட்டு தெரியும். கம்பிக் கொக்கி, மட்டைக் கணுவில் மணலோடு அந்துருண்டை, பானையில் ஆமணக்குப் புண்ணாக்குக் கரைசல், எருக்குழிக்குப் பச்சைப் பூஞ்சை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

எனக்குத் தெரியாததை அவள் சொன்னாள். இந்த வண்டின் பூர்வீகம் தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும். தென்னை இருந்தும் இது இல்லாமல் பசிபிக் தீவுகள் நிம்மதியாக இருந்தன. 1909-இல் இலங்கையிலிருந்து சமோவாவுக்கு ரப்பர் நாற்று போனது. நாற்றோடு வண்டும் போனது. அங்கிருந்து தீவு தீவாகப் பரவியது. 2007-இல் குவாம், 2013-இல் ஹவாய். அங்கே இதன் எதிரிகள் ஒன்றும் இல்லை. கடைசியில் மலேசியாவில், வண்டின் சொந்த மண்ணிலேயே, அதைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்து 1967-இல் சமோவாவில் விட்டபோதுதான் கொஞ்சம் அடங்கியது. சிவப்புக் கூன்வண்டுக்கும் இதே கதைதான். நம் பக்கத்துப் பூச்சி. 1980களில் வளைகுடா நாட்டுப் பேரீச்சந்தோப்புகளுக்குப் போனது, 1990களில் ஸ்பெயினுக்கு. கன்றுகளோடுதான் பயணம். பத்துக் கோடி ஆண்டுக் கதையில் கண்டம் நகர வேண்டியிருந்தது. இதில் ஒரு கப்பல் போதும்.

இந்த வேகத்துக்கு என் கடைக் கணக்கே சாட்சி. 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. மத்திய அமெரிக்கப் பூர்வீகம், இந்தியாவில் முதலில் பதிவானது எங்கள் ஊரில்தான். அது வண்டு இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வருஷம் விவசாயிகள் கறுத்த மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்ற நிலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பத்து மணிக்குமேல் ஒன்று வந்தது பாருங்கள். திரையில் அது மோதிய சத்தத்தில் பின்வரிசைக்காரர்கள் நகர்ந்தார்கள். ஹீலியோகோப்ரிஸ், யானைச் சாணத்து வண்டு. கைக்குழி நிறைய இருந்தது. தலை மண்வெட்டி முனையாகத் தட்டை, காலிடுக்கில் காய்ந்த களிமண், மூடிய விரல்களை அது பிளந்துகொண்டு வெளியேறியது. உண்மையிலேயே பிளந்தது, என்னால் பிடித்து வைக்க முடியவில்லை. இந்தப் பேரினத்தில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில். ஆசியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. யானைக் குலத்தின் பூர்வீகமும் ஆப்பிரிக்காதான். முன்னால் யானை வந்திருக்கும், சாணத்தைத் தொடர்ந்து பின்னால் வண்டு வந்திருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். இது அவளுடைய ஊகம். ஊகம் என்றே சொன்னாள். எனக்குப் பிடித்தது அதுதான்.

மறுநாள் காலை ஜீப்பில் மேலே. முதல் வளைவில் நிறுத்தி வடக்கே காட்டினாள். கீழே தென்னந்தோப்பு, தூரத்தில் மங்கலாக நீலகிரிச் சரிவு. நடுவில் பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். ஆடி மாதம் இந்த வழியாகத்தான் எங்கள் ஊருக்குக் காற்று வருகிறது. நான் அதைக் காற்று வரும் வாசலாகத்தான் பார்த்திருக்கிறேன். மலைமேல் ஈரக்காட்டில் இலைக்குப்பைக்குள் வாழும் இறக்கையில்லாத வண்டுக்கு அது கடக்க முடியாத வெயில் பள்ளம். சோலைக்காட்டுக் குருவியிலேயே கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே ஓர் இனம் என்றால், பறக்கவே முடியாத வண்டின் நிலையை யோசித்துக்கொள்ளலாம். மலைக்காட்டு இலைக்குப்பையில் ஒக்கிகாந்தன் என்று ஒரு சிறிய சாணவண்டுப் பேரினம் உண்டு. அதில் பலவற்றுக்கு இறக்கை இல்லை. அப்படிப்பட்டவை ஒரு மலைத்தொகுதியைத் தாண்டாமலே காலத்தைக் கழிக்கின்றன. பழைமையைத் தேட வேண்டுமானால் அங்கே தேட வேண்டும். விளக்குத் திரைக்குப் பறந்து வருவதில் அல்ல, ஏனென்றால் பறக்கிறவை எங்கிருந்தும் வரலாம். விளம்பரத்தின் அடிமடியிலேயே கைவைக்கும் இந்த வாக்கியத்தை உரிமையாளரின் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டே அவள் சொன்னாள்.

காப்பித் தோட்டத்தில் நடந்த இரண்டு மணி நேரம்தான் முழுச் சேவையிலும் சிறந்த பகுதி. நிழல்மரத்துத் தண்டில் ஒரு பெரிய கட்டெறும்பு ஏறிக்கொண்டிருந்தது. நான் அப்படித்தான் கடந்து போயிருப்பேன். "நில்லுங்கள் அக்கா, கண்ணைப் பாருங்கள்" என்றாள். எறும்புக்கு அவ்வளவு பெரிய கண் கிடையாது. நீலம் ஓடிய கறுப்பு, நீண்ட கழுத்து, கம்பியாகக் கால். நான் கிட்டே போனால் அது தண்டின் பின்பக்கம் போனது. நான் சுற்றி வந்தால் அது இந்தப் பக்கம். அக்கா மகனை எதிர்ப்பக்கம் நிறுத்திய பிறகுதான் முழு உடலையும் பார்த்தேன். மரத்தில் வாழும் புலிவண்டு, டெரோகிரேனியா. முதுகுக் கவசம் ஒட்டிப்போய்விட்டது, பறக்காது. இந்தப் பேரினம் உலகத்தில் இரண்டே இடத்தில் உண்டு: தென்னிந்தியா, இலங்கை. அதிலும் பெரும்பகுதி இலங்கையில். இதன் நெருங்கிய உறவான டிரைகோண்டைலா தென்கிழக்காசியா முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

பறக்காத வண்டு கடலுக்கு இரண்டு பக்கமும் எப்படி? பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் கீழிறங்கியபோது, ஆழமில்லாத பாக் நீரிணை வறண்டு நிலமாகக் கிடந்தது. நடந்துபோகலாம். ஆனால் பாதை திறந்திருந்த காலத்தில்கூட எல்லாமும் போய்வரவில்லை. நடுவில் இருந்தது ராமநாதபுரத்து வறண்ட நிலம்தான், மழைக்காடு இல்லை. அதனால்தான் இலங்கையின் ஈரக்காட்டில் இருப்பவை அங்கேயே தனித்துக் கிளைத்தன. பல்லடத்து ஆறுபுள்ளி வண்டுக்கு எது பாதையோ அதுவே இதற்குச் சுவர். முந்தைய நாள் மேசையில் கிடந்த துணி வரைபடம் எனக்கு முழுதாகப் புரிந்தது இந்த மரத்தடியில்தான்.

அதே தோட்டத்தில் காப்பிப் பழத்தின் நுனியில் குண்டூசித் துளை. காய்த்துளைப்பான் என்ற சிறு வண்டு. ஆப்பிரிக்கப் பூர்வீகம், இந்தியாவில் முதலில் பிடிபட்டது 1990-இல் கூடலூரில். பக்கத்துச் செடியில் வெள்ளை மாவுப்பூச்சிக் கூட்டம். அதன் நடுவில் அதைவிடப் பெரிதாக, மாவு இழை தொங்க ஒன்று ஊர்ந்தது. உடன் வந்தவர் நசுக்கப் போனார், நான் கையைப் பிடித்துவிட்டேன். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. வேஷம் போட்டுக்கொண்டு மந்தைக்குள் புகுந்து சாப்பிடும். இதைத் தெரியாமல் மருந்தடித்துக் கொன்றுவிட்டு என்னிடம் வந்து மாவுப்பூச்சி கூடிவிட்டது என்று புலம்புகிற விவசாயிகள் ஏராளம். ஆஸ்திரேலிய வண்டு; 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பார்த்தீனியத்தைத் தின்பதற்காக 1980களில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த சைகோகிராமா வண்டு எங்கள் சாலையோரத்திலேயே இருக்கிறது. இவை மனிதர்கள் கடவுச்சீட்டு போட்டு அழைத்துவந்தவை. ஒரு ஏக்கருக்குள் எத்தனை திசை!

கிளம்புவதற்கு முன் அவள் இன்னொரு தாளைக் காட்டினாள். சிலர் குளிக்கப் போய்விட்டதால் அதைப் பார்க்காமல் விட்டார்கள். பிரிட்டிஷ் இந்திய விலங்குத் தொகுதி வரிசையில் கில்பர்ட் ஆரோ 1910, 1917, 1931-இல் எழுதிய கொம்புவண்டு, சாணவண்டு நூல்கள், ஆண்ட்ரூஸ் 1929, 1935-இல் எழுதிய தரைவண்டு நூல்கள் ஆகியவற்றில் வரும் ஊர்ப் பெயர்களையெல்லாம் எடுத்துத் தென்னிந்திய வரைபடத்தில் புள்ளி வைத்திருக்கிறாள். நீலகிரியில் புள்ளி மேல் புள்ளி. வெள்ளைக்கார அதிகாரிகள் கோடைக்கு எங்கே போனார்களோ, ரயிலும் தோட்டச் சாலையும் எங்கே போனதோ அங்கெல்லாம் புள்ளி. நடுவில் பெரிய வெற்றிடங்கள். அங்கே வண்டு இல்லை என்று அர்த்தமில்லை, விளக்கோடு யாரும் போகவில்லை. ஓர் இனம் "நீலகிரியில் மட்டும்" என்று புத்தகத்தில் இருந்தால் அது வண்டின் எல்லையா, பிடித்தவரின் எல்லையா என்று முதலில் கேட்க வேண்டும் என்றாள். இந்த ஒரு தாளை விளம்பரத்தில் போட்டிருந்தால் நான் கூடுதலாக ஐந்நூறு கொடுத்திருப்பேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. கோடை மழைக்குப் பிறகு, அமாவாசையை ஒட்டிப் பதிவு செய்யுங்கள். ஆடிக்காற்றில் வேட்டியும் நிற்காது, வண்டும் நிற்காது. மேலே அட்டை உண்டு, முழுக்கால் உறை அவசியம். பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். ஈசலுக்குப் பயப்படுகிறவர்கள் முதல் ஒரு மணி நேரம் அறையிலேயே இருக்கலாம். எட்டுப் பேருக்குமேல் சேர்த்தால் வரமாட்டோம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வழிகாட்டி அதே பெண்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள், அடுத்த பருவத்தில் இருப்பாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அவள் இல்லாவிட்டால் 2,800 அதிகம். அந்தக் காசுக்கு ஒரு வேட்டியும் விளக்கும் வாங்கி உங்கள் தோட்டத்திலேயே கட்டிவிடலாம்.

கிளம்பும்போது உரிமையாளர் மிளகும் தேனும் வாங்கச் சொல்லிக் காட்டினார். மிளகு வாங்கினேன், நல்ல சரக்கு. வாயில் விளக்கைப் பற்றிச் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். கோண்டுவானாவைப் பற்றியும் சொன்னேன். அதற்கு, "இன்னும் ஆயிரம் தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன், தீரட்டும் அம்மணி" என்றார்.